முத்தும் உப்பும் பூசிய விண்கலம்

அறிவியல் கண்காட்சி என்றால் அதில் ஒரு விமான மாதிரியேனும் இடம் பெறாமல் இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் நடந்த ஒரு கண்காட்சியில், கடையில் விற்கும் பாகங்கள் எதையும் வாங்காமல், அட்டை, பேனா மூடி, மருந்துப் புட்டி ஆகியவற்றைக் கொண்டே மாணவர் ஒருவர் "வருங்கால விண்விமானம்" ஒன்றைச் செய்து வைத்திருந்தார். உடல் முழுவதும் வெள்ளிப் பூச்சு. பல காலம் பறந்து பழசாகிப் போன கலம் என்று காட்டுவதற்காக, அங்கங்கே செம்பழுப்பு நிறத்தில் துருவும் தீட்டியிருந்தார்.

"தம்பி, இந்த விமானம் எந்த உலோகத்தால் ஆனது?" என்று கேட்டேன்.

"அலுமினியம், சார்."

"அலுமினியம் இப்படிச் சிவப்பாகத் துருப்பிடிக்குமா?"

சிறிது நேரம் யோசித்தவர், "அப்படியானால் எதைத் தீட்டுவது, சார்?" என்று திருப்பிக் கேட்டார்.

நல்ல கேள்வி. மாதிரிக் கலத்துக்கு மெருகூட்டுவது ஒரு கலை. மெருகேறியதைப் பழசாக்கிக் காட்டுவது மற்றொரு கலை. தூத்துக்குடிக் கரைக்கு இரண்டுமே புதியவை அல்ல. முதலாவதைக் கற்பித்தது முத்து. இரண்டாவதைக் கற்பிப்பது உப்பு. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முத்துக் கரை

தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் இருந்த பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் முத்துக்குப் பெயர் பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் வணிகக் கையேடு, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கப்பட்டதாகக் கூறுகிறது. பின்னர் ஆற்று வண்டலால் கடல் விலகியது. கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. துறைமுகச் சிறப்பு காயலுக்கும், அதன் பின் தூத்துக்குடிக்கும் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இக்கரையின் முத்துக்குளிப்பை விரிவாக எழுதினார். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் இந்த வருவாய்க்காகவே இக்கரையின்மீது கண் வைத்தனர்.

காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கிக் கடலடிப் பாறைப் பரப்பான 'பார்'களுக்கு இறங்கி, சிப்பிகளைக் கூடையில் வாரிக் கொண்டு மேலே வருவது முத்துக்குளிப்போர் வழக்கம். ஆயிரக்கணக்கில் சிப்பிகள் எடுத்தாலும் அவற்றில் நல்ல முத்து ஒரு சிலவே கிடைக்கும். இப்படி உயிரைப் பணயம் வைத்து எடுத்த பொருள் என்ன? வேதியியல் பார்வையில் அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு! இதே கரையில் கிளிஞ்சல்களைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு செய்தார்கள். அந்தக் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட்டுதான். பொருள் ஒன்றே, ஒன்று அரசர் மார்பிலும் மற்றொன்று வீட்டுச் சுவரிலும் ஏறியது. வேறுபாடு அமைப்பில் இருக்கிறது.

அரக்கில் பதிந்த வண்ணம்

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர். 1814இல் அவர் சிப்பியின் உட்புறப் பளபளப்புப் பரப்பை மெழுகிலும் அரக்கிலும் பதித்துப் பார்த்தார். கருப்பு அரக்கில் சிப்பியின் பொருள் சிறிதும் ஒட்டவில்லை. ஆனால் வண்ணங்கள் அதில் தெரிந்தன! அவ்வாறாயின் இவ்வண்ணங்களுக்குச் சாயம் காரணமன்று. மேற்பரப்பில் உள்ள நுண்ணிய வரிகளே காரணம். இன்று ஆய்வகத்தில் மாணவர் கையாளும் கீற்றணி செய்யும் வேலையும் இதுவே. எனினும் எல்லா வண்ணங்களும் அரக்கில் ஏறவில்லை. ஏறாதவை சிப்பியின் உள்ளடுக்குகளிலிருந்து வருபவை.

அந்த உள்ளடுக்குகளைப் பற்றிய ஆய்வில் தமிழ்நாட்டில் பிறந்த சர் சி. வி. இராமனுக்குச் சிறப்பிடம் உண்டு. 1934இல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதெமியைத் தோற்றுவித்த அவர், அதன் ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே சிப்பிகளின் வானவில் நிறங்களைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். 1954இல் கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்துகளையும் ஆராய்ந்தார்.

முத்துப் படலம், அரகோனைட் என்னும் படிகத் தகடுகள் செங்கல் சுவர்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. ஒரு தகட்டின் தடிமன் ஏறத்தாழ அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 2000இல் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. இரண்டும் ஏறத்தாழ ஓரளவாக இருப்பதால், ஒவ்வோர் அடுக்கிலும் எதிரொளித்து வரும் அலைகள் சில நிறங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சிலவற்றில் ஒன்றையொன்று அழிக்கின்றன. இதுவே குறுக்கீட்டு விளைவு. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும்.

மீன் செதிலிலிருந்து கடல் மணலுக்கு

இயல்பு அறியாத காலத்திலேயே முத்தைப் போலச் செய்யும் முயற்சி தொடங்கிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் மணி செய்து விற்ற ஜாக்கேன் என்பவர், ஒருவகைச் சிறிய ஆற்று மீனைக் கழுவிய நீர் வெள்ளிபோல் மின்னுவதைக் கண்டார். அதன் செதில்களிலிருந்து பிரித்தெடுத்த குழம்பை உள்ளீடற்ற கண்ணாடி மணிகளின் உட்புறம் பூசி, மெழுகை நிரப்பினார். செயற்கை முத்து பிறந்தது. மின்னியவை குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தகடுகள். மரபுப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்றும் இதே குவானின்தான்.

மீன் செதில் விலையேறிய பொருள். எனவே 20ஆம் நூற்றாண்டில் ஈயக் கார்பனேட்டுத் தகடுகள் வந்தன, அவை நஞ்சு. பிறகு பிஸ்மத் ஆக்சிகுளோரைடு வந்தது. 1960களில் நிலையான வழி ஒன்று கிடைத்தது. அப்பிரகத்தை மிக மெல்லிய செதில்களாக்கி, அவற்றின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடைப் படலமாக ஏற்றினர். படலம் சுமார் 50 நானோமீட்டர் இருந்தால் வெள்ளி ஒளி; சற்றுத் தடித்தால் பொன்; மேலும் தடித்தால் சிவப்பு, நீலம், பச்சை. சாயம் ஒரு துளியும் இல்லை, தடிமன்தான் நிறம்.

டைட்டானியம் எங்கிருந்து கிடைக்கிறது? அதன் முக்கியக் கனிமமான இல்மனைட்டு, தூத்துக்குடிக்குத் தெற்கே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் நிறைந்திருக்கிறது. கடலடியில் மூழ்கி எடுத்த ஒளிக்கு வேண்டிய மூலப்பொருள் கரையிலேயே கிடந்தது!

இல்லாத கலத்துக்கு ஒரு பூச்சு

இப்பூச்சு கார்களுக்கும் அழகுப் பொருள்களுக்கும் மட்டும் பயன்படவில்லை. 1979இல் வெளிவந்த 'ஸ்டார் டிரெக்' திரைப்படத்துக்காகச் சுமார் 8 அடி நீளமுள்ள விண்கல மாதிரி ஒன்று செய்யப்பட்டது. பால் ஓல்சன் என்ற ஓவியர் அதற்கு முத்தொளிப் பூச்சுகளைப் பல சாயல்களில், கட்டம் கட்டமாகத் தெளித்தார். நேராகப் பார்த்தால் வெண்மை. கோணம் மாறும்போது தகடுகள் தனித்தனியே மின்னும். சிறிய பொருள் மிகப் பெரிய கலமாகத் தோன்ற இது உதவியது. ஆனால் அதே ஒளி தொல்லையும் தந்தது. பின்னணிக்காக வைத்த நீலத்திரையின் நிறத்தையும் அது எதிரொளித்தது. அடுத்த படத்தை எடுத்தவர்கள் பளபளப்பைக் குறைக்கும் பூச்சைத் தெளிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றது 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்'. அதற்கு முன் விண்கலம் என்றால் புதுமெருகுடன்தான் காட்டுவர். இப்படத்தின் கலைஞர்களோ கலங்களில் எண்ணெய்க் கறை, கீறல், உரிந்த வண்ணம் எல்லாம் தீட்டினர். உழைத்துத் தேய்ந்த பொருளைக் கண்டால் அதற்கு ஒரு கடந்த காலம் உண்டு என்று மனம் நம்புகிறது. இல்லாத கலத்துக்கும் இவ்வாறு வரலாறு எழுத முடிந்தது.

உப்பு எழுதும் வரலாறு

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். வண்ணம் பழசாவது தற்செயலன்று. ஒவ்வொரு கறைக்கும் காரணம் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் வண்ணத்தில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடைத் தாக்கும்போது, அதன் பரப்பில் நடக்கும் வினைகள் வண்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசினைச் சிதைக்கின்றன. பழைய வண்ணத்தைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுவது இதனாலேயே. முத்தொளி தந்த பொருளே முதுமையும் தருகிறது! இதைத் தடுக்கவே வண்ணத்துக்கான துகள்களின்மேல் சிலிகா, அலுமினா உறை ஏற்றுகிறார்கள். மேற்புறம் வெயிலை அதிகம் வாங்குவதால் அங்கே வெளிறல் மிகுதி, அடிப்புறத்தில் குறைவு.

உப்புக் காற்று கீறல் வழியே உட்புகுந்து இரும்பைச் செந்துருவாக்கும். அலுமினியத்தில் சிறு குழிகளும் வெண்பொடியும் தோன்றும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்த ஜப்பானியத் தரைப்படை விமானங்களில் வண்ணம் செதில் செதிலாக உரிந்து வெள்ளி உலோகம் தெரிந்ததைப் படங்களில் காணலாம். விமானத்தில் தீட்ட வேண்டியது இதுவே.

இதை மாதிரியில் கொண்டுவர மாதிரி செய்வோர் உப்பையே பயன்படுத்துகின்றனர். முதலில் வெள்ளிப் பூச்சு. நன்கு உலர்ந்ததும், தேய்மானம் நேரக்கூடிய விளிம்புகளையும் கதவோரங்களையும் நீரால் நனைத்துக் கல்லுப்புத் தூளைத் தூவ வேண்டும். அது காய்ந்து ஒட்டியபின் மேல் வண்ணத்தைத் தெளிக்க வேண்டும். உலர்ந்ததும் உப்பைத் தட்டித் துலக்கினால், அது இருந்த இடங்களில் மட்டும் ஒழுங்கற்ற ஓரங்களுடன் வெள்ளி தெரியும். தூரிகையால் எவ்வளவு முயன்றாலும் இவ்வியல்பு வருவது அரிது. அட்டையில் செய்தவர்கள் அது நீரில் ஊறாதபடி முன்னரே வார்னிஷ் பூசிக்கொள்ள வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன் பின் அதற்குப் போதிய சிப்பிகள் பார்களில் சேரவில்லை. 1973இல் தூத்துக்குடியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1981இல் சிப்பிக் குஞ்சுகளையும் ஆய்வகத்தில் வளர்த்தனர். வண்ணத்தைச் செய்தவர்கள் முத்தின் ஒளியைப் பெற்றார்கள். இவர்கள் முத்தையே பெற்றார்கள். கடலடிப் பார்களை மட்டும் எவரும் செய்துவிட முடியாது.

மாதிரி செய்யும் மாணவர்கள் தூரிகையை எடுக்கும் முன் ஒரு மாலை கடற்கரைக்குச் சென்று, கரையேற்றிய தோணியையும் படகையும் சுற்றி வந்து பார்க்கட்டும். ஆணித் தலையிலிருந்து துருநீர் எப்பக்கம் வழிந்திருக்கிறது, கயிறு உரசும் இடம் எது, வெளிறிய பக்கம் எது என்று குறித்துக் கொள்ளட்டும். அந்தக் குறிப்பேடு கையில் இருந்தால், அலுமினிய விமானத்தில் செந்துரு தீட்ட மாட்டார்கள்.