புனைபெயரில் வென்ற கவிதை

1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் கவிதைக்கும் தங்கப் பதக்கம் உண்டு என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. கட்டிடக்கலை, ஓவியம், சிற்பம், இசை, இலக்கியம் என்று ஐந்து பிரிவுகள் இருந்தன. இலக்கியத்தில் வென்றது 'ஓட் ஓ ஸ்போர்' என்ற உரைநடைக் கவிதை. விளையாட்டைப் போற்றும் துதி.

எழுதியவர்கள் என்று ஓரோட், எஷ்பாக் என இரண்டு பெயர்கள். இரண்டுமே அல்சாஸ் கிராமங்களின் பெயர்கள்! எழுதியவர் ஒலிம்பிக்கை மீட்ட பியேர் தெ கூபெர்த்தேனேதான். இளைஞர் கல்விக்கு விளையாட்டு வேண்டும் என்று 1880-களிலிருந்தே வாதாடியவர். சொந்தப் பெயரில் அனுப்பியிருந்தால் நடுவர்கள் குறை சொல்லியிருப்பார்களா?

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற உரிமையில் நான் ஒரு குறை சொல்கிறேன். ஒன்பது பத்தி, ஒவ்வொன்றும் ஒரே விளியில் தொடங்குகிறது, கொஞ்சம் அலுக்கிறது. நீதி, மானம் பற்றிய இரண்டு பத்திகளும் அருமை. ஏமாற்றிப் பெற்ற வெற்றி வெற்றியே அல்ல என்கிறார். கடைசிப் பத்தி சமாதானம்.

கவிதையைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் சேர்த்தே அனுப்பினார். அல்சாஸ் அப்போது ஜெர்மனியின் கையில். இரண்டே வருடத்தில் அந்த இரு நாட்டு இளைஞர்களும் பதுங்குகுழிகளில் எதிரெதிரே நின்றார்கள். 1916 ஒலிம்பிக் பெர்லினில் நடப்பதாக இருந்தது, நடக்கவில்லை.