பாகப்பிரிவினைக் கணக்கிலிருந்து பொருளாதார அளவையியல் வரை

கணிதம் வேறு, பொருளாதாரம் வேறு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். முதுகலைப் பொருளாதார வகுப்பில் சேரும் மாணவரோ நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் இன்றி அங்கு ஓரடியும் நகர இயலாது என்பதை முதல் பருவத்திலேயே உணர்ந்துகொள்கிறார். இவ்வுறவின் வரலாறு நெடியது.

கலீஃபா மஃமூன் ஆட்சியில் (813-833) பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய அல்-குவாரிஸ்மி, வாரிசுரிமை, வணிகம், நில அளவை முதலிய தேவைகளுக்காகவே தமது இயற்கணித நூலை இயற்றினார். அதன் பெரும்பகுதி வஸிய்யத், பாகப்பிரிவினைக் கணக்குகளே. 'அல்ஜீப்ரா' என்னும் சொல்லும் அந்நூலின் தலைப்பிலுள்ள 'அல்-ஜப்ர்' என்பதிலிருந்தே பிறந்தது. ஆயினும் அதனையே பொருளாதார அளவையியல் எனப் பெருமை பேசுவது வரலாறாகாது. அங்கே பங்குகளை மார்க்கச் சட்டம் வகுத்தது. கணிதம் அவற்றை நிறைவேற்றியது. சமூகத்தில் செல்வம் எவ்வாறு பரவியுள்ளது, அதற்குக் காரணம் யாது எனத் தரவுகளைக் கொண்டு ஆராய்வது வேறு பணியாகும்.

அப்பணி 20ஆம் நூற்றாண்டிலேயே 'எக்கனாமெட்ரிக்ஸ்' என்னும் தனித்துறையாக உருப்பெற்றது. 1930இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அதற்கென ஒரு கழகம் தோன்றியது. பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசு 1969இல் இத்துறை முன்னோடிகளான நார்வேயின் ராக்னர் ஃபிரிஷுக்கும் நெதர்லாந்தின் யான் டின்பெர்கனுக்கும் வழங்கப்பட்டது.

இத்துறையின் அடிப்படைச் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சந்தையில் விலையும் விற்பனை அளவும் நாள்தோறும் மாறுகின்றன. அம்மாற்றம் வாங்குவோரால் நேர்ந்ததா, விற்போரால் நேர்ந்ததா என்பதை அவ்விரு எண்கள் மட்டும் கூறமாட்டா. மழை பொய்த்தால் வரத்துக் குறையும். வாங்குவோர் விருப்பமோ அதனால் மாறுவதில்லை. அத்தகைய புறக்காரணியைத் துணைக்கொண்டு தேவையைத் தனியே அளக்கும் வழியை ஃபிலிப் ரைட் 1928இல் வெளியிட்ட நூலில் காணலாம். காரணத்தையும் உடன்நிகழ்வையும் பிரித்தறியும் இப்பயிற்சியே முதுகலைப் படிப்பின் உயிர்நாடி.

இந்தியாவில் இவ்வறிவுக்கு வித்திட்டவர் பி.சி. மஹலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அளவுசார் பொருளாதாரத்தில் முதுநிலைப் படிப்பையும் அது பிற்காலத்தில் தொடங்கிற்று. 1950இல் உருவான தேசிய மாதிரி ஆய்வும் அவர் முயற்சியின் விளைவே.

அந்த ஆய்வின் 2004-05ஆம் ஆண்டுத் தரவுகளைத்தான் 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை பெரிதும் பயன்படுத்தியது. 2001 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 13.4 விழுக்காடு, இந்திய ஆட்சிப் பணியிலோ ஏறத்தாழ 3 விழுக்காடு என்று அவ்வறிக்கை காட்டியது. அதுவரை மனக்குறையாகப் பேசப்பட்டது, மறுக்கவியலாத சான்றாயிற்று.

எனினும் இடைவெளியை அளப்பது ஆய்வின் தொடக்கமே. பட்டதாரிகள் குறைவா? தேர்வெழுதுவோர் குறைவா? பாகுபாடு எவ்வளவு? ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தறியாவிடில் பரிகாரமும் தவறிவிடும். நமது மாணவர்கள் பொறியியலையும் மருத்துவத்தையும் நாடுமளவு இத்துறையை நாடுவதில்லை. நம் நிலையைப் பிறர் அளந்து சொல்லக் காத்திருப்பதினும், அளக்கும் கல்வியை நாமே கற்பது மேலானதன்றோ!