கேள்விகளை அனுப்பிய பேராசிரியர்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர், அதன் ஆழத்தையும் அதனைக் கைப்பற்ற முயன்ற அரசுகளின் போர்களையுமே பெரும்பாலும் பேசுவர். அத்துறையில் வந்திறங்கியவை பீரங்கிகள் மட்டுமல்ல, மொழிகளும் வந்திறங்கின. அங்கே நிக்கல்சன் குடாவில் கிடைத்த அரபுக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று, பதுறுத்தீன் ஹுசைன் இப்னு அலி அல்-ஹலபி என்பவரின் மகளைக் குறிப்பிடுகிறது. ஹலபி என்றால் ஹலப் நகரத்தார் என்பது பொருள். ஹலப் என்பது சிரியாவிலுள்ள அலெப்போ. அந்நாட்டு வழிவந்த குடும்பமொன்று நம் கீழைக்கரையில் வாழ்ந்து மறைந்தது என்பதற்கு அக்கல் சான்று.

அரபு மொழியையும் அதன் உடன்பிறப்பாகிய சுரியானி மொழியையும் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தும், அவை வழங்கும் நாடுகளில் ஒரு நாளேனும் கால் வைக்காத லுத்தரன் சமய அறிஞர் ஒருவர் ஜெர்மனியில் இருந்தார். யொகான் டாவிட் மிக்காயேலிஸ் என்பது அவர் பெயர். அவருடைய வரலாறு தமிழ்க் கரையையும் தொட்டுச் செல்கிறது. அதற்கு வழி வகுத்தவர் டேனியர்.

1620ஆம் ஆண்டில் ஓவே கியெடே என்பவரின் தலைமையில் டென்மார்க்கு நாட்டுக் கப்பல்கள் இலங்கைக்கு வந்தன. கண்டி மன்னன் செனரத்துடன் பேச்சு நடத்திய டேனியர், திருகோணமலையில் அரண் அமைக்கவும் தொடங்கினர். அம்முயற்சி நிலைக்கவில்லை. அதே ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்றுத் தரங்கம்பாடியில் குடியேறினர். டேனிய மன்னரால் அனுப்பப்பட்ட சீகன்பால்கும் புளுட்சோவும் 1706இல் அங்குதான் வந்திறங்கினர். அவர்கள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியிலுள்ள ஹால்லே நகரில் அச்சாகி ஐரோப்பாவெங்கும் பரவின.

அந்த ஹால்லே நகரில் 1717ஆம் ஆண்டு மிக்காயேலிஸ் பிறந்தார். தந்தையார் கிறிஸ்டியன் பெனடிக்ட் மிக்காயேலிஸும் கீழைமொழிப் பேராசிரியரே. 1741இல் சுரியானி இலக்கணம் ஒன்றை வெளியிட்டவர். மகன் இங்கிலாந்து சென்று திரும்பி, 1745இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி தொடங்கினார். 1750இல் அங்கே முழுப் பேராசிரியரானார். அரபு இலக்கணத்தை 1771இலும் சுரியானி இலக்கணத்தை 1784இலும் வெளியிட்டார்.

அவருடைய கொள்கை எளிது. பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் பொருள் விளங்காத சொற்கள் பல. அவற்றுக்குப் பொருள் காண, அதன் உறவு மொழிகளை, சிறப்பாக மக்கள் நாவில் வாழும் அரபு மொழியை, நாட வேண்டும் என்றார். எபிரேயர் 'ஷாலோம்' என்பதைச் சுரியானியில் 'ஷ்லாமா' என்பர்; அரபியில் அதுவே 'ஸலாம்'. திருகோணமலைத் தெருக்களில் நாள்தோறும் ஒலிக்கும் சொல் அது. தமிழருக்கும் இம்முறை புதிதன்று. வீட்டைக் குறிக்கும் 'இல்' என்னும் நம் பழஞ்சொல் தெலுங்கில் 'இல்லு' என இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறதல்லவா?

சொல் மட்டும் போதாது, சொல் குறிக்கும் பொருளையும் நேரில் காண வேண்டும் என்று அவர் கருதினார். வேதாகமம் கூறும் மன்னா எது? உண்ணத்தக்க வெட்டுக்கிளி எது? தொழுநோயின் வகைகள் யாவை? செங்கடலில் வற்றும் பெருக்கும் எவ்வாறு நிகழ்கின்றன? இவற்றை ஆராய அறிஞர் ஒருவரைத் தரங்கம்பாடி வழியாகத் தென் அரபு நாட்டுக்கு அனுப்பலாம் என்று 1756இல் டேனிய அமைச்சர் பேர்ன்ஸ்டோர்புக்கு எழுதினார். மன்னர் ஐந்தாம் பிரெடெரிக் இசைந்தார். திட்டம் வளர்ந்தது, வழியும் மாறியது. தரங்கம்பாடியை விடுத்து, எகிப்து வழியாகச் செல்ல முடிவாயிற்று.

1761 சனவரியில் அறுவர் புறப்பட்டனர். மொழியறிஞர் வொன் ஹாவன், இயற்கை நூலறிஞர் போர்ஸ்கால், நில அளவையாளர் நீபூர், மருத்துவர் கிராமர், ஓவியர் பௌரன்பைண்ட், பணியாள் பெர்க்கிரென் ஆகியோர் அவர்கள். மிக்காயேலிஸ் கோட்டிங்கனில் அமர்ந்து கேள்விகளை எழுதினார். நூறு கேள்விகள் 1762இல் நூலாக வெளிவந்தன.

கேள்விகள் மெல்லச் சென்றன. காய்ச்சல் விரைந்து சென்றது. 1763 மே மாதம் யேமனின் மோக்கா நகரில் வொன் ஹாவன் இறந்தார். சூலையில் யாரிம் என்னும் மலையூரில் போர்ஸ்கால் இறந்தார். பம்பாய்க்கு வரும் வழியில் ஓவியரும் பணியாளும் கடலிலேயே மாண்டனர். மருத்துவர் கிராமர் 1764இல் பம்பாயில் உயிர் நீத்தார். அச்சான கேள்விநூல் பம்பாயில் நீபூரின் கைக்கு வந்தபோது, அதற்கு விடை தேட அவர் ஒருவரே எஞ்சியிருந்தார்.

நீபூர் தளரவில்லை. பாரசீகத்தில் பெர்செபோலிஸ் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். 1766இல் அலெப்போவை அடைந்தார். மறு ஆண்டு டென்மார்க்கு திரும்பினார். அவர் படியெடுத்த ஆப்பெழுத்துகளைக் கொண்டே பிற்காலத்தில் குரோட்டபென்ட் அவ்வெழுத்தைப் படிக்கும் முயற்சியில் முதல் வெற்றி கண்டார். மாண்ட நண்பர் போர்ஸ்காலின் தாவரக் குறிப்புகளையும் நீபூர் 1775இல் அச்சேற்றினார்.

மிக்காயேலிஸோ 1791 வரை வாழ்ந்து புகழுடன் மறைந்தார். மோசேயின் சட்டத்தை ஆறு பகுதிகளில் விளக்கிய அவர், அச்சட்டத்தைப் போற்றிய யூதருக்குத் தம் நாட்டில் சம உரிமை வழங்கலாம் என்று டோம் என்பவர் 1781இல் எழுதியபோது அதனை எதிர்த்தார். யூத அறிஞர் மெண்டல்சோன் அவருக்குத் தக்க மறுமொழி கூறினார். தொலைநாட்டு மக்களின் வழக்கங்களை அறியத் துடித்தவருக்கு, அண்டை வீட்டாரின் குறை செவியில் ஏறவில்லை.

நேயர்களே, அறிவு வளர நல்ல கேள்வி வேண்டும்; அதனை எழுப்பிய பெருமை மிக்காயேலிஸுக்கு உரியது. ஆனால் அந்த விடைகளுக்கு விலை கொடுத்தவர் வேறு. நூலின் முகப்பில் பேராசிரியரின் பெயர் இருக்கிறது. பெர்க்கிரென் என்னும் பணியாளுக்கோ கடலே கல்லறை. அந்தப் பயணத்தை நினைப்போர், இவ்விரு பெயர்களையும் சேர்த்தே நினைப்பது முறை.