அகராதியின் கடமையும் திசைச்சொல்லின் உரிமையும்

பேச்சில் புதிதாய் எழும் பிரயோகங்களை அகராதியில் ஏற்றுவது பாஷையின் தூய்மைக்குக் கேடு விளைக்கும் என்னும் அபிப்பிராயம் கற்றோரிடையே இன்றும் வேரூன்றி நிற்கிறது. அகராதியின் தலையாய கடமை வழக்குக்குச் சாட்சி பகர்தலே என்பதும், அக்கடமையைக் கள்ளக்குறிச்சிச் சீமையின் பேச்சுக்கும் நாம் ஆற்றியாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இணையத்தில் இளைஞர் வழங்கிய ‘ஓஎம்ஜி’, ‘எல்ஓஎல்’ என்னும் சுருக்கங்களை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2011-இல் ஏற்றுக்கொண்டபோது, அதன் ஆசிரியர்கள் முன்னைச் சான்றுகளைத் தேடியதன் பயனாக, அவற்றுள் முதலாவது 1917-இல் கடற்படைத் தளபதி பிஷர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வரைந்த கடிதத்திலேயே அதே பொருளில் வந்திருப்பது வெளிப்பட்டது. நேற்றுப் பிறந்ததென்று இகழப்பட்ட சொல்லுக்கு ஏறத்தாழ நூறாண்டுச் சரித்திரம் இருந்தமையை உணர்த்தியது அகராதிக்காரரின் ஆராய்ச்சியே. நம்முடைய ‘ஐயோ’வும் 2016-இல் அவ்வகராதியில் இடம்பெற்றது.

இக்கொள்கை தமிழுக்குப் புதிதன்று. இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் செய்யுளுக்குரியதாக வகுத்தது தொல்காப்பியம். அத்திசைச்சொல் வழங்கும் பன்னிரு நிலங்களைத் தொகுத்துரைக்கும் பழைய வெண்பாவில் மலாடும் ஒன்றாக எண்ணப்படுகிறது. மலையமான் ஆண்ட அந்நாட்டின் தலைநகராகிய திருக்கோவலூர், 2019-இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அடங்கியிருத்தலின், இப்பிரதேசத்துப் பேச்சுக்கு இலக்கண அங்கீகாரம் பண்டே கிடைத்துவிட்டதெனலாம்.

பிற்காலத்தில் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகன், இடவழக்குச் சொற்களைத் தனிக் குறியீட்டுடன் ஏற்றது. கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கும், பின்னர்க் கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் சொல்லகராதிகள் தொகுத்தளித்தனர். இத்தகைய தொகுப்பின் பயனுக்கு ஒரு சொல்லே போதிய உதாரணம். தஞ்சைப் பக்கத்தில் ‘கொல்லை’ என்றால் வீட்டின் பின்புறம். கள்ளக்குறிச்சி விவசாயி ‘கொல்லைக்குப் போறேன்’ என்றால், மழையை நம்பி விதைத்த புன்செய்க்குப் போகிறான். சங்கச் செய்யுளில் முல்லை நிலத்து உழவர் உழுததும் இக்கொல்லையையே. கொச்சையென்று ஒதுக்கப்படும் பேச்சு, தொன்மையான பொருளைச் சிதையாமல் காத்து நிற்கிறது.

இன்று அதே விவசாயியின் மகள் ‘ஸ்டேட்டஸ் வச்சிருக்கேன்’ என்கிறாள். பெயர் ஆங்கிலமாயினும், வினையும் விகுதியும் தமிழாகவே நிற்பதால், இலக்கணம் இவ்வரவினால் குலைந்துவிடவில்லை. இத்தகைய சொற்கள் சில ஆண்டுகள் நிலைத்து வழங்கினால், பேச்சு வழக்கு என்னும் குறிப்புடன் அவற்றை ஏற்பதே நியாயம். ஆயினும், இணையச் சொல் தான் வழங்கும் இடத்திலேயே எழுத்தாய்ப் பதிந்துவிடுகிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களில் சாமையும் தினையும் விளைவித்தும் கடுக்காய் பொறுக்கியும் வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடியினரின் சொற்களோ, முதியோர் நாவில் மட்டும் வாழ்ந்து, அவர்களுடனேயே மறையும் அபாயத்தில் உள்ளன.

ஆதலின், இருவகைச் சொற்களுக்கும் அகராதியில் உரிமை உண்டெனினும், அவசரம் மலைச்சொற்களுக்கே உரியது. இம்மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் மாணவரை மலையூர்களுக்கு அனுப்பி, ஒவ்வொரு சொல்லையும் அதைச் சொன்னவரின் வாக்கியத்தோடும் ஊரோடும் காலத்தோடும் பதிவு செய்யும் பணியை இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டும்.