மங்காத நிறமும் மறைந்த பெயரும்

நிழற்படக் கலை தோன்றிய நாளிலிருந்தே அதனைத் தொடர்ந்து வரும் கவலை ஒன்று உண்டு. ஒளியினால் பிறந்த படம் ஒளியினாலும் ஈரத்தினாலுமே அழிந்துபோகிறதே என்பதுதான் அது. இக்கவலையின் வரலாற்றை இரசாயனத்தின் வரலாறாக மட்டும் படிப்போமாயின் பாதிதான் விளங்கும். யாருடைய முகம் நிலைக்க வேண்டுமென்று சமுதாயம் கருதியது என்ற கேள்வியும் அதனுள் அடங்கிக் கிடக்கிறது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நமது மலையகமே அதனைத் தருகிறது.

கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பெரும்பாலான படங்கள் முட்டை வெண்கரு பூசிய தாளில் வெள்ளி உப்பினால் அச்சிடப்பட்டன. அல்புமன் பிரதி எனப்பட்ட இவை மஞ்சள் பாய்ந்து வெளிறின. பிரான்சில் புவாத்தவென் என்பவர் 1855 இல் இதற்கு மாற்று வழி காட்டினார். இங்கிலாந்தின் ஜோசப் ஸ்வான் 1864 இல் அதனைச் செம்மைப்படுத்தினார். கரித்தூள் கலந்த ஜெலற்றின் படலத்தை ஒளியுணரும்படி செய்து, நெகட்டிவின் வழியே ஒளி பாய்ச்சினால், ஒளிபட்ட இடம் இறுகும். படாத இடம் வெந்நீரில் கரைந்தோடும். எஞ்சுவது வெள்ளியன்று, கரி. கரி வெளிறுவதில்லை.

ஜூலியா மார்கரெட் கமரன் இவ்வழியை நாடியவருள் ஒருவர். டெனிசன், டார்வின், ஹெர்ஷல் முதலியோரைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற இவ்வம்மையார், 1875 இல் தம் படங்களில் எழுபதளவானவற்றை ஓட்டோடைப் நிறுவனத்தின் மூலம் கரிப் பிரதிகளாக்கச் செய்தார். அதே ஆண்டில் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் வேறு யாருமல்லர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிவதற்கும் 1833 ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களுக்கும் வழிகோலிய கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவரே. பழைய ஊழியத்தை ஒழிக்கத் துணைநின்றவர், பின்னர் தமிழகத்திலிருந்து வந்த கூலி உழைப்பில் வளர்ந்த கோப்பித் தோட்டங்களின் உடைமையாளரானார். வரலாற்றின் முரண்பாடு இதனினும் தெளிவாகத் தோன்றுமா?

களுத்துறையிலும் தோட்டங்களிலும் அம்மையார் உழைக்கும் மக்களைப் படமெடுத்தார். அவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கு மேற்படா. அவை அல்புமன் பிரதிகளே. அம்மையார் 1879 ஜனவரி 26 இல் டிக்கோயாவில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. அவர் எடுத்த இங்கிலாந்துப் படங்கள் பெயரோடு நிற்கின்றன. இலங்கைப் படங்களோ “களுத்துறைக் குடியானவர்” போன்ற பொதுத் தலைப்புகளோடு மேலைநாட்டு நூதனசாலைகளில் கிடக்கின்றன.

நிலைபேறு ஒருபுறமிருக்க, தோற்றமும் நடுநிலையானதன்று. அக்காலத்துக் கொலோடியன் தகடு நீல ஒளியையே மிகுதியாக உணரும். சிவப்பை உணராது. ஆகவே மாநிறத் தோல், கண்ணுக்குத் தெரிவதினும் கறுத்தே படத்தில் விழுந்தது. “கறுத்த கூலி” என்ற துரைமாரின் எண்ணத்துக்குக் கண்ணாடித் தகடும் துணைபோயிற்று எனலாம்.

நம் காலத்தில் இதே பிரச்சினை மைத்தெளிப்பு அச்சுப்பொறியோடு திரும்பி வந்தது. 1991 இல் கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்னும் கூடம் இப்பொறியால் கலைப்படங்களை அச்சிடத் தொடங்கியது. அன்றைய மைகள் நீரில் கரையும் சாயங்கள். அழகாய்ப் பதிந்தன, விரைவில் வெளிறின. ஹென்றி வில்ஹெல்ம் போன்ற ஆய்வாளர் அதனை அளந்து காட்டினர். 2000 ஆம் ஆண்டளவில், கரையாத நுண்துகள்களாலான நிறமி மைகள் வீட்டுப் பொறிகளுக்கும் வந்தன. ஸ்வானின் கரித்தூள் புது வடிவில் திரும்பியதென்றே சொல்லலாம். ஆயின் புதுக் குறையொன்று தோன்றியது. மின்குமிழின் கீழ் இயல்பாய் இருந்த படம், பகலொளியில் பச்சை பாய்ந்து தெரிந்தது. சாம்பல் நிற மைகள் சேர்க்கப்பட்ட பின்னரே அது பெரிதும் தணிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்ஹெல்மின் ஆய்வுகூடம் ஆயுளைக் கணக்கிடுவது, நாளொன்றுக்கு 12 மணிநேரம் 450 லக்ஸ் ஒளி, 24 பாகை வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்ற நிலையில். நக்கிள்ஸ் மலையின் மழையும் மூடுபனியும் சூழ்ந்த பன்விலையின் லயத்து அறைக்கு, அடுப்புப் புகை படியும் சுவருக்கு, அக்கணக்கு பொருந்துமா? மை ஒன்றே; வாழ்விடம் வேறு. வெளிறுந்தன்மையுள்ள அல்புமன் படமும் இருளிலும் குளிர்ச்சியிலும் பேணப்பட்டால் நூற்றைம்பது ஆண்டு நிற்கிறது. ஆகவே நிலைபேறு என்பது பொருளின் குணம் மட்டுமன்று, பேணுவோரின் வசதியுமாகும்.

1964 அக்டோபர் 30 இல் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னைக்கு விடப்பட்டது. எண்களாய் எண்ணப்பட்ட அம்மக்களுக்கு, பிரிந்துபோன உறவின் முகமாக எஞ்சியது பல குடும்பங்களில் ஒரு படமே. அது வெளிறினால் வேறு பிரதி எங்கே?

ஆசிரியரும் மாணவரும் இதில் செய்யக்கூடியது உண்டு. லயங்களிலுள்ள பழைய படங்களை நகலெடுப்போம். நிறமி மையில் அச்சிட்டு, ஈரம் படாத உறையில் இருளில் வைப்போம். யாவற்றினும் முதலாக, படத்திலிருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று முதியோரிடம் கேட்டுப் பென்சிலால் பின்புறத்தில் எழுதுவோம். கமரனின் படங்களில் இருந்தவர்களிடம் அதை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. நம் பாட்டிமாரிடம் கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.