அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு ராத்திரி: தூக்கப் பரிசோதனையின் கதை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வருகிறார். டேப் வைத்துக் கழுத்தை அளக்கிறார். "குறட்டை விடுவீர்களா?" என்கிறார். நோயாளியின் மனைவி பக்கம் திரும்பி, "தூக்கத்தில் இவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறதா?" என்கிறார். கடைசியில், "ஒரு ராத்திரி இங்கே வந்து தூங்கிவிட்டுப் போங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். முழங்காலுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது என்று மருத்துவ உலகம் தெளிவதற்கே ஏறக்குறைய ஐம்பது வருடம் பிடித்தது. அந்த ராத்திரி உடம்பில் ஒட்டப்படும் வயர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரிலிருந்து, ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தவை.

முதலில் தலையில் ஒட்டும் வயர்கள். ஜெர்மனியில் யேனா என்ற ஊரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அதை வெளியே சொல்லவே அவருக்கு ஐந்து வருடம் ஆனது. 1937-இல் அமெரிக்காவில் லூமிஸ் குழுவினர், தூங்கும்போது அந்த அலைகள் படிப்படியாக மாறுவதைக் காட்டினார்கள். தூக்கத்துக்குள்ளும் பல நிலைகள் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது கண் ஓரத்தில் ஒட்டும் வயர். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அதன் நாயகன் ஒரு மாணவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியல் கிளைட்மன் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் யூஜின் ஆஸெரின்ஸ்கி. கையில் காசில்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்த பழைய பதிவு இயந்திரம் ஒன்றைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து, தன்னுடைய எட்டு வயது மகனையே தூங்க வைத்து வயர்களை ஒட்டினார். ஒரு ராத்திரிக்கு அரை மைல் நீளத்துக்குக் காகிதம் ஓடியது. நடு இரவில், ஆழ்ந்து தூங்கும் பையனின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசைவதை இயந்திரம் கிறுக்கிக் காட்டியது. முதலில் இயந்திரக் கோளாறு என்றே நினைத்தார். 1953-இல் குருவும் சீடரும் இதை வெளியிட்டார்கள். இதைத்தான் இன்று 'ரெம்' தூக்கம் என்கிறோம். கனவுகள் பெரும்பாலும் வருவது இதில்தான். இன்னொரு விஷயமும் உண்டு, அது பின்னால் தேவைப்படும்: ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் அநேகமாக முழுதுமே தளர்ந்துவிடும். தாடையில் ஒரு வயர் ஒட்டுவது அந்தத் தளர்ச்சியைப் பார்க்கத்தான்.

இதுவரை மூச்சைப் பற்றி யாரும் பேசவில்லை, கவனித்தீர்களா?

1956-இல் பர்வெல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மிகவும் பருமனான வியாபாரி. வாரம் ஒருமுறை சீட்டாடுவார். ஒருநாள் மூன்று ஆஸும் இரண்டு ராஜாவும் கைக்கு வந்தும், அதை இறக்காமல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அதன் பிறகுதான் தனக்கு ஏதோ நோய் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்! டிக்கன்ஸின் முதல் நாவலான 'பிக்விக் பேப்பர்ஸ்'-இல் எங்கே நின்றாலும் தூங்கிவிழும் ஜோ என்ற குண்டுப் பையன் வருவான். அவனை நினைத்து இந்த நோய்க்கு 'பிக்விக்கியன்' என்று பெயர் வைத்தார்கள். ரத்தத்தில் கரியமில வாயு தேங்குவதால்தான் இந்த மயக்கம் என்பது அன்றைய கணிப்பு.

அந்தக் கணிப்பை மாற்றியது 1965. பிரான்சில் மார்செய் நகரில் காஸ்டோ குழுவினரும், ஜெர்மனியில் யூங், கூலோ இருவரும் தனித்தனியாக ஒரே காரியத்தைச் செய்தார்கள். இப்படிப்பட்ட நோயாளிகளைத் தூங்க வைத்து, மூளை அலையோடு மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். மூச்சு நிற்கிறது. நெஞ்சும் வயிறும் காற்றுக்காகப் போராடுகின்றன, ஆனால் தொண்டை அடைத்துக் கிடப்பதால் காற்று உள்ளே போகவில்லை. மூளை ஒரு கணம் விழிக்கிறது, தொண்டைத் தசை இறுகுகிறது, பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. உடனே மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான தடவை. பகலெல்லாம் தூங்கிவழிவதற்குக் காரணம் ராத்திரி உருப்படியாகத் தூங்காததுதான் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. மூக்கின் கீழ் ஒட்டும் சின்னக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டும் இரண்டு பட்டைகள் எல்லாம் இந்தப் போராட்டத்தைப் பார்ப்பதற்காகவே.

பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் டெமென்ட் 1970-இல் தூக்கத்துக்கென்றே ஒரு கிளினிக் திறந்தார். 1976-இல் அங்கிருந்த கில்லெமினோவும் சகாக்களும் இந்த நோயை 'ஸ்லீப் ஆப்னியா' என்ற பெயரில் விரிவாக விளக்கினார்கள். விரலில் மாட்டும் கிளிப் ஜப்பானிலிருந்து வந்தது. தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1974-இல் அதன் அடிப்படையைச் சொன்னார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, அதே கருவிதான். அவர் மறைந்ததும் அதே 2020-இல்தான்.

வைத்தியம்தான் அன்று கொடூரமாக இருந்தது. கழுத்தில் துளையிட்டு, அடைப்புக்குக் கீழே காற்றுக்கு வழி செய்வார்கள். ராத்திரி திறந்து வைப்பார்கள், பகலில் மூடுவார்கள். 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், துளை போடச் சம்மதிக்காத ஒரு நோயாளிக்கு வேறு வழி பார்த்தார். வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் கொண்டு மூக்கு வழியே காற்றை மெல்ல அழுத்தி அனுப்ப, தொண்டை அடைக்காமல் நின்றது. அந்த மனிதர் விடியும் வரை நிம்மதியாகத் தூங்கினார். இன்றைய 'சிபாப்' மாஸ்க்கின் மூதாதை அதுதான்.

இப்போது முழங்காலுக்கு வருவோம். ஆப்னியா உள்ளவரை ராத்திரி முழுக்கக் காப்பாற்றுவது எது? மூளையின் அந்தச் சின்ன விழிப்புதான். மயக்க மருந்தும், வலிக்குக் கொடுக்கும் மார்பின் போன்ற மருந்துகளும் அந்த விழிப்பைத்தான் மழுங்கடிக்கின்றன. போதாததற்குத் தொண்டைத் தசையையும் தளர்த்துகின்றன. வீட்டில் முப்பது வினாடியில் தானாகத் திரும்பும் மூச்சு, வார்டில் திரும்பாமல் போகலாம். அறுவை சிகிச்சை முடிந்த முதல் ராத்திரி ரெம் தூக்கம் அநேகமாக வராது. அடுத்தடுத்த ராத்திரிகளில் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும். தசைகள் முழுதும் தளரும் தூக்கம் அது என்று முன்பு சொன்னேனே, அதுதான் ஆபத்து. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பியிருக்கும் நேரம்!

அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2006-இல் இதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2008-இல் டொரன்டோவில் ஃபிரான்சஸ் சங் குழுவினர் எட்டுக் கேள்விகள் கொண்ட 'ஸ்டாப்-பேங்' பட்டியலைக் கொடுத்தார்கள். குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, ரத்தக் கொதிப்பு, உடல் பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்து, ஆண் என்பது. மூன்றுக்கு 'ஆமாம்' என்றால் கவனம் தேவை, ஐந்துக்கு மேல் போனால் அபாயம் அதிகம். இதில் கூச்சப்பட்டுப் பொய் சொல்பவர்கள் நிறைய. பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் உண்மை வந்துவிடும்.

பரிசோதனை ராத்திரியில் ஊசி கிடையாது, ஷாக்கும் அடிக்காது. சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் போக வேண்டும், எண்ணெய் இருந்தால் வயர் ஒட்டாது. மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஒட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இருட்டிலும் படம் பிடிக்கும் கேமரா இருக்கும், அடுத்த அறையில் டெக்னீஷியன் விழித்திருப்பார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கூப்பிட்டால் போதும், வயர்களைக் கழற்றி விடுவார். புது இடத்தில் தூக்கம் வருமா என்று பயப்பட வேண்டாம். முதல் ராத்திரி தூக்கம் கெடும் என்பது 1966-லேயே பதிவான சங்கதி. குறைவாகத் தூங்கினாலும் பெரும்பாலும் தேவையானது கிடைத்துவிடும். ஆப்னியா கடுமையாக இருந்தால் நடு ராத்திரியில் எழுப்பி மாஸ்க் மாட்டிப் பார்ப்பதும் உண்டு.

எட்டு மணி நேரத் தூக்கத்தை முப்பது முப்பது வினாடியாகப் பிரித்தால் 960 துண்டுகள். இந்த முப்பது வினாடிக் கணக்கு அந்தக் காலக் காகிதப் பக்கத்தின் அகலத்திலிருந்து வந்தது, காகிதம் போயும் கணக்கு போகவில்லை. அத்தனையும் பார்த்து, குறைந்தது பத்து வினாடி மூச்சு நின்றதும் குறைந்ததும் மணிக்கு எத்தனை தடவை என்று எண்ணுவார்கள். ஐந்துக்குக் கீழே பரவாயில்லை. முப்பதுக்கு மேல் என்றால் கடுமை, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைக்கும் மேல்.

எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. அவசர அறுவை சிகிச்சையை இதற்காகத் தள்ளிப்போட மாட்டார்கள். சிலருக்கு வீட்டிலேயே தலை வயர்கள் இல்லாத சின்னக் கருவி போதும். ஆப்னியா என்று தெரிந்துவிட்டால், முழு மயக்கத்துக்குப் பதில் முடிந்தவரை இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வார்கள், மார்பினைக் குறைப்பார்கள், தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைப்பார்கள், விரல் கிளிப்பைக் கழற்றாமல் வைத்திருப்பார்கள். மாஸ்க் கொடுத்திருந்தால் அட்மிட் ஆகும் அன்று மாற்றுத் துணியோடு அதையும் பையில் எடுத்து வைக்க வேண்டும். இரண்டாம் ராத்திரியும் மூன்றாம் ராத்திரியும் அதைக் கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும்.