நம்பக்கூடிய சாத்திரியார் ஆர்? 1829இலிருந்து ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்தில "நல்ல சாத்திரியார் ஒராள் இருந்தாச் சொல்லுங்கோ" எண்டு ஒருதரம் எண்டாலும் கேக்காத வீடு குறைவு. கலியாணப் பொருத்தம், செவ்வாய்க் குற்றம், ஏழரைச் சனி, கனடா விசா, ஏ.எல் சோதனை எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு ஆளைச் சனம் வைச்சிருக்கும். குறிப்புப் பாக்கிறவர் ஒருத்தர், மை போட்டுப் பாக்கிறவர் இன்னொருத்தர், கோயில்ல உரு வந்து கட்டுச் சொல்லுறவர் வேறொருத்தர். இப்ப எங்கட வயதுப் பெடியளின்ர போனிலை டாரட் கார்ட்டும் வந்திட்டுது. கேள்வி மட்டும் பழசு: உதில ஆரை நம்புறது?

சோதிடம் உண்மையா பொய்யா எண்ட பட்டிமன்றம் இந்தக் கட்டுரையில இல்லை. அது பாடசாலைக் காலத்திலேயே பேசி முடிஞ்சுது. நாங்கள் கேக்கிறது வரலாற்றுக் கேள்வி. எங்கட ஊரில சாத்திரியாரை ஆர், எப்ப, எப்பிடிச் சோதிச்சுப் பாத்தினம்? அந்தச் சோதனைகளில இருந்து எங்களுக்கு என்ன மிஞ்சுது?

வட்டுக்கோட்டையில ஒரு கிரகணம்

அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல்வர் டானியல் பூவர். அதே காலத்தில் அராலியில் விசுவநாத சாஸ்திரியார் இருந்தார். பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பம். யாழ்ப்பாணத்தின் நல்ல நாளும் கெட்ட நாளும் அவருடைய கணக்கில்தான் ஓடின.

1829 மார்ச் 20 சந்திர கிரகணம் எண்டு சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொன்னது. செமினரியும் அதே கிரகணத்தைக் கணித்தது. ஆனால் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறைப்பின் அளவு மூன்றிலும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. பூவர் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டார். கிரகணம் வந்தபோது செமினரியின் கணக்கே சரியாக இருந்தது. மிசனரிமார் இந்தக் கதையைப் பல வருசம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தங்கள் கணிதம் வென்றால் தங்கள் சமயமும் வென்ற மாதிரி எண்டது அவையளின்ர எண்ணம்.

இதில ரெண்டு விசயத்தைக் கவனிக்கோணும். முதலாவது, சாஸ்திரியார் தோத்தது நிமிடங்களிலதான். கிரகணம் வரும் எண்டதும், எந்த இரவு எண்டதும் அவருக்குச் சரியாகத் தெரிஞ்சிருந்தது. ராகு சந்திரனை விழுங்குது எண்ட புராணக் கதையை வைச்சுக்கொண்டு ஆரும் நாள் குறிக்கேலாது. அவர் கையில இருந்தது கணிதம்.

எவ்வளவு வலுவான கணிதம் எண்டதுக்கு இன்னொரு சாட்சி இருக்கு. ஜோன் வாரன் எண்ட அதிகாரி 1825இல் வெளியிட்ட 'காலசங்கலித' நூலில், பாண்டிச்சேரியில் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதினார். அவர் தரையில் சோகிகளை வைத்து, மனப்பாடமாய் இருந்த சொற்களில் இருந்து இலக்கங்களை எடுத்து, 1825 மே 31 – யூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தாளும் இல்லை, பேனையும் இல்லை.

அந்த மனப்பாடச் சொற்கள்தான் 'வாக்கியம்'. சந்திரனின் இடத்தை நாள் நாளாகச் சொல்லும் 248 சிறு வாக்கியங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு இலக்கம். சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து, விலகி, திரும்பவும் கிட்ட வருகிற சுற்று 9 தடவை முடிய ஏறத்தாழ 248 நாள் ஆகும். இதே 248 நாள் கணக்கு பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பைரசுகளிலும் இருப்பதை ஒட்டோ நொய்கெபாவர் 1952இல் எடுத்துக் காட்டினார். கொக்குவிலில் இருந்து இன்றும் வருகிற வாக்கிய பஞ்சாங்கத்தின்ர பெயரிலையே இந்த நீளமான வரலாறு ஒட்டிக்கொண்டு இருக்கு.

இரண்டாவது விசயம்தான் முக்கியம். 1829இல் சோதிக்கப்பட்டது பஞ்சாங்கத்தின் பாதி மட்டும். பஞ்சாங்கத்தில் கணிதம் இருக்கு, பலனும் இருக்கு. எந்தக் கிரகம் எங்கே நிற்கும் எண்டது கணிதம். அது அங்கே நிண்டால் உங்கட வீட்டில என்ன நடக்கும் எண்டது பலன். முதலாவதை வானத்தைப் பாத்துச் சரிபிழை சொல்லலாம். இரண்டாவதை அண்டைக்கு ஆரும் சோதிக்கேல்லை. "கிரகணத்தைச் சரியாச் சொன்ன மனிசன், என்ர மகளின்ர கலியாணத்தையும் சரியாத்தானே சொல்லுவார்" எண்டு சனம் நினைக்கிற இடம் இதுதான். கணிதம் சம்பாதிச்ச மரியாதையைப் பலன் கடன் வாங்கிச் செலவழிக்குது.

இதே சாஸ்திரியார்தான் வண்ணைக் குறவஞ்சியும் நகுலமலைக் குறவஞ்சியும் பாடியவர். குறவஞ்சியில் குறத்தி வந்து தலைவியின் கையைப் பார்த்துக் குறி சொல்லுவாள். அவள் சொல்வது எப்பவும் பலிக்கும், ஏனெண்டால் கதையை எழுதுறவர் புலவர். சங்கப் பாடல்களில் நிலைமை வேறை. மகள் மெலிந்துபோனால் தாய் கட்டுவிச்சியையும் வேலனையும் கூப்பிடுவாள். கழங்கை உருட்டிப் பார்த்து "இது முருகனின் வேலை" எண்டு வேலன் சொல்லுவான். காதல்தான் காரணம் எண்டது மகளுக்கும் தோழிக்கும் வாசகருக்கும் தெரியும். குறி கேக்கிறதும் அதைப் பாத்துச் சிரிக்கிறதும் ரெண்டுமே எங்கட மரபுதான்.

பலனைச் சோதிச்ச வாத்தியார்

பலனுக்குச் சோதனை வைச்சவர் கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குப் படிப்பிக்க வந்தவர், தாவரவியல் வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தினார். 1963இல் ஒரு சவால் விட்டார்: அற்புதம் காட்டுகிற ஆருக்கும் ஒரு லட்சம் ரூபாய்.

சோதிடருக்கும் கைரேகைக்காரருக்கும் அவர் வைத்த நிபந்தனை மிக எளிமை. பிறந்த நேரம் நிமிடச் சுத்தமாக, பிறந்த இடம் அகலாங்கு நெட்டாங்கோடு குறித்த பத்துச் சாதகம், அல்லது பத்துக் கைரேகை தருவார். எது ஆண், எது பெண், எது உயிரோடு இருப்பவருடையது, எது இறந்தவருடையது எண்டு பிரிச்சுச் சொல்லவேணும். அவ்வளவுதான். 1978இல் கோவூர் இறக்கும்வரை அந்தக் காசை ஒருவரும் வெல்லவில்லை.

இந்தியாவில் வானியலாளர் ஜயந்த் நார்லிகர் குழு இதே மாதிரி ஒன்றைப் புனேயில் செய்து 2009இல் வெளியிட்டது. படிப்பில் கெட்டித்தனமான 100 பிள்ளைகள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 100 பிள்ளைகள். 27 சோதிடர்களுக்கு ஆளுக்கு 40 சாதகம். எந்தச் சாதகம் எந்தப் பிள்ளையினுடையது எண்டு சொன்னதில் சரி 46 வீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தால் 50க்குக் கிட்ட வந்திருக்கும்.

அப்ப ஏன் எங்களுக்கு "அவர் சொன்னது அப்பிடியே பொருந்துது" எண்டு படுது? 1948இல் பேர்ட்ரம் ஃபோரர் எண்ட உளவியலாளர் 39 மாணவர்களுக்கு "உங்களுக்கெண்டே எழுதினது" எண்டு சொல்லி ஒவ்வொரு குணக்குறிப்புக் கொடுத்தார். 5க்குச் சராசரி 4.26 புள்ளி போட்டார்கள். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். வசனங்கள் கடையில் விற்கிற சோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்தவை. டாரட்டும் இந்த இடத்திலதான் வேலை செய்யுது. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுறதுக்குச் செய்த சீட்டு அது. குறி பார்க்கிறதுக்கு அதைப் பரவலாக எடுத்தது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில். "ஆதி எகிப்திய ஞானம்" எண்டு ரீல்ஸில சொல்லுறதும் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் கட்டின கதைதான்.

சாத்திரியாருக்குள்ளேயும் ஒத்த கருத்து இல்லை. சனி கும்பத்துக்கு மாறினது திருக்கணிதப்படி 2023 சனவரியில், வாக்கியப்படி 2023 திசெம்பரில். நடுவில கிட்டத்தட்ட 11 மாசம் மீன ராசிக்காரருக்கு ஏழரைச் சனி தொடங்கினதா இல்லையா எண்டது எந்தப் பஞ்சாங்கம் வாங்கினீங்கள் எண்டதைப் பொறுத்தது. பெரிய இடத்துச் சாத்திரமும் அப்பிடித்தான். 2015 சனவரி 8 தேர்தல், ஆட்சியில் இருந்த சனாதிபதியின் சோதிடர் பார்த்துக் குடுத்த நாள். அண்டைக்கு அவர் தோத்துப்போனார்.

உயிரோட இருக்கிறானோ?

இதுவரைக்கும் சிரிச்சுக்கொண்டு வாசிக்கலாம். கோவூரின் நிபந்தனையைத் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ: எது உயிரோடு இருப்பவருடைய சாதகம், எது இறந்தவருடையது?

எங்கட ஊரில இந்தக் கேள்வியோட சாத்திரியாரிட்டைப் போன தாய்மார் எத்தினை பேர். 1996இல் மட்டும் குடாநாட்டில் சுமார் 600 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. 2009க்குப் பிறகு வன்னியில் இருந்து வந்த சனத்திட்டையும் அதே கேள்விதான். முகாமுக்குப் போய்க் கேட்டால் பதில் இல்லை. ஆணைக்குழுவுக்குப் போய்ச் சொன்னால் எழுதி எடுப்பார்கள், பதில் வராது. சாத்திரியார் ஒருத்தர்தான் "இருக்கிறான் அம்மா, தெற்குப் பக்கம் இருக்கிறான்" எண்டு ஒரு வசனமாவது சொன்னார்.

உலகத்தில வேறை இடத்திலயும் இது நடந்திருக்கு. முதலாம் உலக யுத்தத்தில் 1915இல் மகன் ரேமண்டை இழந்தவர் ஒலிவர் லொட்ஜ், பெயர்பெற்ற பௌதிகவியலாளர். ஆவியோடு பேசுகிறவர்களிடம் போய், அடுத்த வருசம் மகனின் பெயரில் ஒரு புத்தகமே எழுதினார். படிப்புக் குறைஞ்சவைதான் உதுக்குப் போவினம் எண்டு சொல்லேலாது. உடலும் இல்லாமல், செய்தியும் இல்லாமல் போன துக்கத்துக்குப் படிப்புக் காவல் இல்லை.

மட்டக்களப்பில் 1990களில் ஆய்வு செய்த பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லுகிறவர்களைப் பற்றி எழுதினார். காணாமல் போனவர்களின் உறவுகள் அங்கே வந்து கேட்டார்கள், அழுதார்கள். வாய் திறந்து பேசவே பயந்த காலத்தில், நடந்ததைச் சொல்லி அழ இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. அந்த வாக்கு எத்தினை வீதம் பலிச்சது எண்டு கணக்குப் பாக்க எங்களுக்கு மனம் வரேல்லை. அங்கே கிடைச்சது வேறை ஒண்டு.

ஆனால் இதுக்கு ஒரு விலையும் இருக்கு. "இருக்கிறான்" எண்ட சொல்லுக்குப் பின்னால கழிப்பு, நூல், யாகம், தூரத்துக் கோயில் நேர்த்தி எண்டு காசு போகும். "இல்லை" எண்ட சொல்லுக்குப் பின்னால பொட்டை அழிக்கிறதா, திவசம் குடுக்கிறதா எண்ட கேள்வி வரும். ரெண்டு விடைதான், ஒண்டு பாதிக்குப் பாதி சரிவரும். சரியா பிழையா எண்டு பாக்கவும் வழியில்லை. இப்பிடி ஒரு கேள்விக்கு உறுதியாப் பதில் சொல்லிக் காசு வாங்கிற ஆளை எங்களால நல்ல சாத்திரியார் எண்டு சொல்லேலாது.

அப்ப ஆரைச் சொல்லலாம்? வீட்டில ஆராவது போறதெண்டு நிண்டால், மறிச்சுச் சண்டை பிடிக்கிறதை விட இந்த நாலு விசயத்தைப் பாக்கச் சொல்லுங்கோ.

ஒண்டு, நாளும் விசயமும் தெளிவாச் சொல்லுறாரோ, "தடை ஒண்டு இருக்கு" எண்ட மாதிரி எங்கயும் பொருந்துற கதையோ. ரெண்டு, போன தரம் சொன்னது பிழைச்சதெண்டால் ஒத்துக்கொள்ளுறாரோ, நீங்கள் தந்த பிறந்த நேரத்தில பழி போடுறாரோ. மூண்டு, பயப்படுத்தி அடுத்த செலவுக்கு இழுக்கிறாரோ. செய்வினை எண்ட சொல் வந்தவுடனை எழும்பி வரலாம். நாலு, வருத்தம், வழக்கு, காணாமல் போன ஆள் எண்ட விசயங்களில "இது என்ர வேலை இல்லை" எண்டு சொல்லுற நேர்மை இருக்கோ. நாலாவது இருக்கிற ஆள் கிடைச்சால், அவரிட்டைப் பொருத்தம் பாக்கிறதால பெரிய கேடு வராது. கதைக்க ஒரு நல்ல மனிசர் கிடைச்ச மாதிரி.

காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. அதே வருசம்தான் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' எண்ட ஒண்டும் வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் றோட்டோரம் இருந்து தொடங்கின போராட்டம் வருசக்கணக்காப் போகுது. செம்மணியில் 1999இல் 15 எலும்புக்கூடு எடுத்தார்கள். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேல் எடுத்தார்கள். சின்னப் பிள்ளையளின்ர எலும்பும் இருந்தது.

1829இல் இரண்டு கணக்கில் எது சரி எண்டு தெரிய, ஊர்ச்சனம் முற்றத்தில் நிண்டு மேலே பார்த்தாலே போதுமாக இருந்தது. தாய்மாரின்ர கேள்விக்கும் பாத்துச் சொல்லக்கூடிய பதில் இருக்கு: கிடங்கில, மரபணுப் பரிசோதனையில, முகாம்களின்ர பதிவேட்டில. அதைத் திறந்து காட்டவேண்டிய பொறுப்பு அரசாங்கத்தினுடையது. அது திறக்கும்வரைக்கும், சாத்திரியாரிட்டைப் போற தாய்மாரைப் பாத்து மூடநம்பிக்கை எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது.